ஒரே கூலியா?

கே: சிறு வயதிலிருந்து ஞாயிறு ஆராதனை தவறியதில்லை, தசமபாகமும் பாக்கியில்லை. ஊரெல்லாம் கடன் வாங்கிக் குடித்துத் தீர்த்த ஒருவர் போன மாதம் மனந்திரும்பினாராம். அவருக்கும் எனக்கும் ஒரே பரலோகமா?
– வாசகர், நாசரேத்

ப: இந்தப் புகார் மத்தேயு 20-ஆம் அதிகாரத்திலேயே பதிவாகிவிட்டது. விடியற்காலையில் திராட்சைத் தோட்டத்தில் இறங்கியவருக்கும் சாயங்காலம் 5 மணிக்கு எட்டிப் பார்த்தவருக்கும் ஆளுக்கொரு தெனாரியம். அந்தக் காலத்து ஒரு நாள் கூலி. முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். முதலாளியோ கடைசி ஆளிலிருந்து பட்டுவாடா செய்யச் சொன்னார். குறும்புக்காரர்! பேசிய கூலி பைசா குறையாமல் கிடைத்தும், அடுத்தவன் கையைப் பார்த்து வயிறு எரிந்தது.

லூக்கா 23-இல் சிலுவையில் தொங்கிய கள்வன், தனக்குக் கிடைத்த தண்டனை நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டவன். ஞானஸ்நானச் சான்றிதழ்கூடக் கிடையாது. அன்றைக்கே பரதீசில் இடம் உறுதியானது அவனுக்குத்தான்.

இல்லை, தகுதிப்படிதான் வேண்டும் என்கிறீர்களா? ரோமர் 6-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் பவுல் சம்பள விகிதம் போட்டிருக்கிறார். வாசித்துவிட்டு மனுவை அனுப்புங்கள்.