ஆகாயத்தில் ஆற்றுணா

வழிப்பயணத்துக்கென்று வீட்டிலிருந்து பொதிந்து எடுத்துச் செல்லும் உணவுக்குப் பழந்தமிழில் ஆற்றுணா என்று பெயர். ஆறு என்பது இங்கே நீரோடும் ஆறன்று, கால் நடக்கும் வழி. கற்றவர்களுக்குச் செல்லும் நாடெல்லாம் சொந்த நாடாகிவிடுவதால் அவர்கள் ஆற்றுணாவைச் சுமந்து திரிய வேண்டியதில்லை என்னும் கருத்தைப் பழமொழி நானூறு முன்வைக்கிறது. அந்நூலை இயற்றிய முன்றுறை அரையனார், மலிவுக் கட்டண விமானத்தின் உணவு விலைப்பட்டியலைக் கண்ணால் கண்டவரல்லர் என்பதை அவருக்குச் சாதகமாகக் கொள்வதே முறை. இன்று ஜொகூரின் செனாய் விமான நிலையப் புறப்பாட்டுக் கூடத்தில் பட்டதாரிகளும் முனைவர்களும் கைப்பைக்குள் நாசி லெமாக் பொட்டலத்தை மறைத்து வைத்துக்கொண்டு, அதன் மணம் மட்டும் மறைய மறுப்பதை அறியாதவர்களைப் போல் அமர்ந்திருப்பதைக் காணும்போது, கல்விக்கும் கட்டுச்சோற்றுக்கும் இருந்த பழைய தொடர்பு அறுந்துபோனது விளங்கும்.

மலிவுக் கட்டண விமானச் சேவை என்பது, பயணச்சீட்டின் விலையிலிருந்து பயணம் அல்லாத அனைத்தையும் உரித்தெடுத்துவிட்டு, உரித்த தோலைத் தனியே விலைக்கு விற்கும் வணிகமுறை. பெட்டி, விரும்பிய இருக்கை, சோறு, தண்ணீர் ஆகியவற்றின் வழியே வரும் பணத்தைத் துறைசார்ந்தோர் துணை வருவாய் என்று அழைப்பர். சில வேளைகளில் பெட்டிக்கும் இருக்கைக்கும் சோற்றுக்கும் கொடுத்த தொகை பயணச்சீட்டையே விஞ்சிவிடுவதால், எது முதன்மை, எது துணை என்று இலக்கணிகள் கூடி முடிவு செய்ய வேண்டிய நிலையும் ஏற்படுகிறது. மலேசியாவில் இம்முறையை நிலைநாட்டியது ஏர் ஆசியா. அந்நிறுவனத்தை 2001ஆம் ஆண்டில் டோனி பெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட் விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 4 கோடி ரிங்கிட் கடன் அதனுடன் இலவச இணைப்பாக வந்தது. ஒரு வெள்ளிக்கு வாங்கிய விமான நிறுவனத்துக்குள் ஒரு வெள்ளிக்கு ஒரு போத்தல் தண்ணீர்கூட வாங்க முடியாது என்பது பொருளியல் மாணவர்கள் ஆராயத்தக்கது. 1974இல் திறக்கப்பட்ட செனாய் நிலையத்தை 2003இல் அந்நிறுவனம் தன் இரண்டாவது தளமாக ஆக்கிக்கொண்ட பிறகு, ஜொகூர் மக்களுக்கும் மலிவாகப் பறக்கும் வாய்ப்பு வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. இனி எல்லாரும் பறக்கலாம் என்பதே அந்நிறுவனத்தின் முழக்கம். எல்லாரும் உண்ணலாம் என்று அதில் ஓரிடத்திலும் சொல்லப்படாததால் சட்டப்படி குறை காண இடமில்லை.

வானத்தில் சோற்றுக்குக் காசு கேட்பது இக்காலத்தின் கொடுமை என்று பொருமுவோர் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நலம். உலகின் முதல் விமான உணவு என்று பொதுவாகக் குறிக்கப்படுவது, 1919 அக்டோபர் 11 அன்று லண்டனிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஹாண்ட்லி பேஜ் நிறுவனத்தின் விமானத்தில் கொடுக்கப்பட்ட மதிய உணவுப் பெட்டி. அது கொடுக்கப்படவில்லை, 3 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. ஆகவே விலைக்குச் சோறு என்பதே மூத்த மரபு. இலவசச் சோறு இடையில் வந்த பழக்கம். கட்டணங்களை எல்லா நிறுவனங்களும் கூடி ஒரே அளவில் வைத்திருந்த காலத்தில், விலையில் போட்டியிட முடியாதவர்கள் தட்டில் போட்டியிட்டனர். 1958இல் அட்லாண்டிக் வழித்தடத்தில் மலிவு வகுப்பினருக்குச் சாண்ட்விச்சுக்கு மேல் எதுவும் தரக்கூடாது என்று அந்நிறுவனங்கள் கூடி விதி செய்தபோது, ஸ்காண்டிநேவிய நிறுவனம் ஒரு துண்டு ரொட்டியின் மேல் ஒரு விருந்தையே அடுக்கிவிட்டு அதற்குச் சாண்ட்விச் என்று பெயர் சூட்டியது. போட்டி நிறுவனம் முறையிட, இறுதியில் அபராதம் விதிக்கப்பட்டது. இலையின் ஓரத்தில் அப்பளத்தை வைத்துவிட்டு அதன் அடியில் பிரியாணியை ஒளித்த கதைதான் அது.

ஜொகூர்த் தமிழரின் சிக்கல் காசைக் காட்டிலும் ஆழமானது. மலேசியத் தமிழில் காலையில் உண்பதைப் பசியாறுதல் என்பர்; ஒருவரைக் கண்டதும் நலம் விசாரிப்பதற்கு முன்பே பசியாறிவிட்டாரா என்று கேட்பது இங்குள்ள வழக்கம். கேட்பவர் எதிர்பார்ப்பது தகவலையன்று. மறுமொழி எதுவாக இருந்தாலும் ஒரு குவளை தே தாரிக் வந்து சேரும். இத்தகைய பண்பாட்டில் வளர்ந்தவரிடம், சீருடை அணிந்த ஒருவர் புன்னகையுடன் குனிந்து பசியாறுகிறீர்களா என்னும் பொருள்படக் கேட்டுவிட்டு, மறுகையில் கட்டணக் கருவியை நீட்டும்போது, மனத்தின் அடித்தளத்தில் ஏதோ ஒன்று நொறுங்கிப் போகிறது. ஜொகூரின் லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் அதே மனிதர், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் மாச்சாப் ஓய்விடத்திலோ பாகோ ஓய்விடத்திலோ இறங்கி, தம் காசைக் கொடுத்து ரொட்டி சானாயும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு மனநிறைவோடு ஏப்பம் விடுகிறார். அங்கே கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடக்கலாம். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் அடுத்த கடை இல்லை. இறங்கிப் போக முடியாத வாடிக்கையாளரே உலகின் தலைசிறந்த வாடிக்கையாளர் என்பதைத் திரையரங்குச் சோளப்பொரிக்காரர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தனர்.

செனாயிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கை வாரைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் நேரத்தைக் கழித்தால், உணவு வண்டி உருளக் கிடைப்பது அரை மணியளவே. வரிசைக்கு ஆறு பேராக 30 வரிசைகளில் 180 பேர் அமரும் விமானத்தில், தலைக்குப் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் தேர்ந்து, கேட்டு, பணம் கொடுத்து, மீதி வாங்கி, மிளகாய்ச் சாந்து இருக்கிறதா என்று விசாரிக்கவும் வேண்டும். எல்லாரும் வாங்கினால் இவ்வணிகம் அன்றே முறிந்துவிடும். பெரும்பாலோரின் சிக்கனத்தை நம்பியே இது நடக்கிறது. எனவே வாங்காதவர்கள் தாழ்வு மனப்பான்மை கொள்ளத் தேவையில்லை. விமானம் குறித்த நேரத்தில் தரையிறங்குவதில் அவர்களுக்கும் பங்குண்டு.

உண்மையில் இவ்வளவு சிறிய பயணத்தில் எவருக்கும் பசிப்பதில்லை. முதல் வரிசையில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்ததும் தேங்காய்ப்பாலும் சம்பலும் கலந்த மணம் வரிசை வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்து, ஒரு மணி நேரத்துக்கு முன்பு வயிறார உண்டவரையும் ஏழு நாள் பட்டினி கிடந்தவராக மாற்றிவிடுகிறது. மூவர் இருக்கையில் ஒருவர் மட்டும் வாங்கிவிட்டால் நிலைமை மேலும் நுட்பமாகிறது. வாங்கியவர் நடுவிருக்கைக்காரராக இருப்பின், தமிழ்ப் பண்பாட்டின்படி இருபுறமும் திரும்பி, “சாப்பிடுங்கக்கா” என்று சொல்லியாக வேண்டும். அக்காவும், “இல்ல தம்பி, நீங்க சாப்பிடுங்க, இப்பதான் பசியாறிட்டு வர்றேன்” என்று மறுத்தாக வேண்டும். இரண்டுமே பொய் என்பது இருவருக்கும் தெரியும். பிறகு அக்கா சன்னல் வழியே மேகங்களை மிகுந்த ஆர்வத்துடன் ஆராய்வார். தம்பி குற்ற உணர்வோடு விழுங்குவார். பின்வரிசைக்காரர்கள் ஒருவழியாக மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு காசை எடுக்கும் வேளையில் நாசி லெமாக் தீர்ந்துபோய், காய்ந்த ரொட்டியும் கடலையும் மட்டும் எஞ்சியிருக்கும்.

இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க முன்பதிவு என்றொரு வழி உண்டு. எத்தனை பொட்டலங்கள் ஏற்றுவது என்று நிறுவனத்துக்கு முன்பே தெரிந்துவிட்டால் வீணாவது குறையும் என்பதால், இணையத்தில் முன்கூட்டியே வாங்குவோருக்கு விலை குறைத்துத் தரப்படுகிறது. வரும் மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தமக்குப் பசிக்குமா என்பதை மட்டும் பயணி உறுதியாகச் சொல்ல வேண்டும். சோதிடர்கள்கூடத் துணிந்து கைவைக்காத துறை இது.

விலையைக் கணக்கிடுவதிலும் ஜொகூர்க்காரருக்குத் தனித் துன்பம் உண்டு. தரையில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும் பொட்டலம் வானத்தில் பத்து வெள்ளிக்கு மேல் போவதை அவர் எப்படியோ பொறுத்துக்கொள்வார். ஆனால் திருச்சிக்குப் போகப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை நாடும்போது, சிங்கப்பூர் நிறுவனத்தின் பட்டியலில் எட்டு என்னும் எண்ணைக் கண்டு மகிழ்ந்துபோகிறார். மலேசிய ரிங்கிட்டையும் சிங்கப்பூர் டாலரையும் தமிழர்கள் வெள்ளி என்னும் ஒரே சொல்லால் குறிப்பதால் விளையும் மகிழ்ச்சி அது. 1973 வரை அவ்விரு வெள்ளிகளும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லுபடியாயின; இப்போது சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்பது முதல் கவளம் தொண்டையில் இறங்கும்போது நினைவுக்கு வருகிறது. சொல் ஒன்றாகவும் பொருள் மூன்றாகவும் இருப்பது செய்யுளில் சிலேடை எனப்படும். பணப்பையில் அதற்கு வேறு பெயர்.

இவ்வளவு கொடுத்தும் சுவை குறைவதற்குச் சமையற்காரர் காரணமல்லர். பறக்கும் விமானத்தின் உட்காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையின் அழுத்தத்துக்கு ஒப்பானது. கேமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரத்தின் மேல் இலை போட்டு உட்கார்ந்திருப்பதாகக் கொள்ளலாம். காற்றின் ஈரப்பதமும் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதால் மூக்கு வறண்டு, மணத்தை நம்பி வாழும் நாக்கு துணையிழக்கிறது. 2010இல் ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வகம் லுப்தான்சா நிறுவனத்துக்காக நடத்திய ஆய்வில், உப்பும் இனிப்பும் வானத்தில் மங்கித் தெரிவதும், புளிப்பும் காரமும் பெரிதும் மாறாதிருப்பதும் கண்டறியப்பட்டன. புளியும் நல்லெண்ணெயும் வற்றல் மிளகாயும் சேர்ந்து, குளிர்பெட்டியின்றி இரண்டு நாள் கெடாமலிருக்கும் புளியோதரையைப் பயணத்துக்குக் கட்டிக் கொடுத்த பாட்டிமார்கள் இம்முடிவுக்கு ஆய்வகமில்லாமலே வந்திருந்தனர். தேநீரைப் பொறுத்தவரை, குறைந்த அழுத்தத்தில் நீர் 100 பாகைக்கு முன்பே, உட்காற்றழுத்தம் மிகத் தாழும்போது 92 பாகையை ஒட்டியே, கொதித்துவிடுவதால் தூள் சரியாக இறங்குவதில்லை. கையை ஓங்கி நீட்டி இழுத்து ஆற்ற வேண்டிய தே தாரிக்குக்கு அங்கே கூரை உயரமும் போதாது.

அப்படியானால் புளியோதரையையே எடுத்துச் செல்லலாமே என்று கேட்பது நியாயமே. வெளியுணவை விமானத்துக்குள் உண்ணக்கூடாது என்று சில நிறுவனங்கள் தம் பயண நிபந்தனைகளில் எழுதி வைத்திருப்பதால், பெருங்காய மணம் வீசும் சான்றுடன் பிடிபடும் ஆபத்து உண்டு. 2006இல் லண்டனில் வெளிப்பட்ட வெடிகுண்டுச் சதிக்குப் பின்னர், வெளிநாட்டுப் பயணங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மங்களைக் கைப்பையில் கொண்டுசெல்லவும் தடை வந்தது. அதனால் தயிர் நீர்மமா, கூழ்மமா, கெட்டிச் சாம்பார் எந்த வகை என்னும் வினாக்கள் சமையலறையிலிருந்து பாதுகாப்புச் சோதனை மேசைக்குக் குடிபெயர்ந்துள்ளன. மோருக்குக் கருணை இல்லை என்பது மட்டும் தெளிவு.

இவற்றுக்கிடையிலும் வானுணவுக்கு அன்பர்கள் இருக்கவே செய்கின்றனர். தேங்காய்ப்பால் என்று மலாயில் பொருள்படும் சந்தான் என்னும் பெயரில் ஏர் ஆசியா விற்றுவந்த விமான உணவுக்கு, 2019 டிசம்பரில் கோலாலம்பூரின் மிட் வேலி வணிக வளாகத்தில் ஓர் உணவகமே திறக்கப்பட்டது. பறக்காமலே விமானச் சோறு தின்ன மக்கள் வரிசையில் நிற்பார்களா என்று ஐயுறுவது எளிது. ஆனால் அங்கே பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம் என்னும் வேறுபாட்டை மறக்கலாகாது.

மலிவு விமானத்தில் இலவசச் சோறே கிடையாது என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். மலேசியாவில் 2016இல் நடைமுறைக்கு வந்த விமானப் போக்குவரத்துப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி, விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், மலிவு நிறுவனமாயினும் பயணிக்கு உணவு வழங்கியே ஆக வேண்டும். செனாயிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்க ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. விலையில்லாச் சோற்றுக்கு இரண்டு மணி நேரம் செனாயிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.