சார்ஜர்ப் புணரியல்

துளைபுகு வனவெலாம் துணையா காவே.

இந்நூற்பா இவ்வாய்வாளர் இயற்றியது. இயற்றிய இடம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடம். காலம் ஞாயிறு இரவு. காரணம் மோடத்திலிருந்து எழுந்த புகை. உரை வருமாறு: துளைக்குள் புகுவன எல்லாம் அத்துளைக்குத் துணை ஆகா என்றவாறு. ஏகாரம் தேற்றம். ‘எல்லாம்’ என்றதனால் பிஸ்கட் டின்னில் கிடந்த சார்ஜரும் அடங்கும் எனக் கொள்க.

செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற ஊர் இது. சூளைகள் போய்விட்டன. ஆனால் வீட்டுக்கு நாலு கறுப்புச் செங்கல் இன்றும் உண்டு. மடிக்கணினி செத்து ஆறு வருஷம் ஆனாலும் அதன் சார்ஜரை மட்டும் நம்மவர்கள் எறிவதில்லை. வயரைச் சுருட்டி, ரப்பர் போட்டு, “எதுக்காவது ஆகும்” என்று டின்னில் வைப்பார்கள். அந்த ‘எதுக்காவது’ எது என்பதே இவ்வாய்வின் கருப்பொருள்.

அன்றிரவு என் மோடத்தின் சார்ஜரைக் காணவில்லை. டின்னைக் கவிழ்த்தேன். ஒரு மடிக்கணினிச் சார்ஜரின் முனை மோடத்தின் துளைக்குள், சற்றே தளர்வாக, ஆனால் மறுப்பில்லாமல் போனது. ஆய்வாளன் என்ற முறையில் ஒட்டுவில்லையையும் படித்தேன். ‘100–240 வோல்ட்’ என்றிருந்தது. நம் நாட்டு மின்சாரம் 230; பழைய ஆட்கள் வாயில் இன்னும் 240. சரியாகத்தானே இருக்கிறது என்று சுவிட்சைத் தட்டினேன். மோடத்தின் விளக்குகள் தீபாவளி போல ஒருசேர எரிந்தன. பிறகு ‘டப்’ என்றது.

மறுநாள் துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறத்துக் கைப்பேசிக் கடைத் தம்பி, டார்ச் அடித்து இரண்டாம் வரியைக் காட்டினான். “அண்ணே, மேல இருக்கிறது சுவருக்கு. கீழ இருக்கிறதுதான் சாமானுக்கு. இது 19, உங்க மோடம் 12. பாத்துட்டுக் குத்தியிருக்கலாம்லா.”

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் புணர்ச்சி விதிகளை வகுத்துவிட்டார். சார்ஜருக்கும் அதே விதிகள் செல்லும் என்பது என் துணிபு. கருவி நிலைமொழி, சார்ஜர் வருமொழி. இரண்டின் வோல்ட்டும் ஒத்தால் இயல்புப் புணர்ச்சி. சார்ஜரின் வோல்ட் மிஞ்சினால் விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். புகை வருவது தோன்றல். பிளாஸ்டிக் உருகி நெளிவது திரிதல். உள்ளே இருந்த பலகை போய்விடுவது கெடுதல். என் மோடத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. படிவம் 5 இலக்கணத் தேர்வில்கூட அப்படி ஓர் எடுத்துக்காட்டு வந்ததில்லை.

முனை எப்படிப் பொருந்தியது எனின், கூறுதும். இந்த உருளை முனைகளில் பலவற்றின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர். உள்துளை மட்டும் 2.1 அல்லது 2.5. மோடத்தில் 2.1, மடிக்கணினியில் 2.5. இடைவெளி 0.4 மில்லிமீட்டர், அதாவது கண்ணுக்கு எளிதில் தெரியாது, விரலுக்குத் ‘தளர்வு’ என்று மட்டும் தெரியும். அந்தத் தளர்வை நான் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி ஆம்பியர். இங்கேதான் கற்றவர்களும் சறுக்குகிறார்கள். சார்ஜரில் ஆம்பியர் கூடினால் ஆபத்து என்று அஞ்சுவது தவறு. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவரிடம் வாளி நிறையச் சாம்பார் இருக்கிறது என்பதற்காக வாளியே இலையில் கவிழ்வதில்லை. நாம் கேட்கிற கரண்டிதான் விழுகிறது. ஆம்பியர் என்பது வாளி. வோல்ட் என்பது எந்த உயரத்திலிருந்து ஊற்றுகிறார் என்பது. மாடியிலிருந்து ஊற்றினால் ஒரு கரண்டியே போதும், சட்டை போய்விடும்.

வாளி சிறுத்தால் வேறு துன்பம். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் கேட்கும் 65 வாட் கணினிக்கு, 19 வோல்ட், 2.37 ஆம்பியர் தரும் 45 வாட் சார்ஜரைக் கொடுத்தால் அது குற்றியலுகரமாகிவிடும்: ஓசை உண்டு, மாத்திரை குறையும். சார்ஜர் இட்லிச் சட்டி போலக் கொதிக்கும். வேலை செய்யச் செய்ய பேட்டரி இறங்கும். நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்று காட்டும் சிறு வட்டப் படமும் ஒட்டுவில்லையில் உண்டு. அது மாறினால் புணர்ச்சியே இல்லை, போர்.

டெல் நிறுவனத்தின் 7.4 மில்லிமீட்டர் முனைக்குள் ஊசி போன்ற ஒரு கம்பி இருக்கும். அது மின்சாரத்துக்கல்ல, ஐசி (அடையாள அட்டை) காட்டுவதற்கு. அடையாளம் தெரியாத சார்ஜர் என்றால் கணினி ஓடும், பேட்டரிக்கு மட்டும் சோறு போடாது.

டைப்–சி வந்த பிறகு இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது. அதன் சார்ஜர் முதலில் 5 வோல்ட்டோடுதான் நிற்கும். என்னிடம் 9 உண்டு, 15 உண்டு, 20 உண்டு என்று சொல்லும். கருவி தனக்கு ஆவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்து உடன்படுத்தும் உடம்படுமெய் இதுவே. ஆகவே மடிக்கணினியின் 65 வாட் சார்ஜரில் கைப்பேசியைத் தாராளமாகக் குத்தலாம். மறுதலையாக, கைப்பேசிச் சார்ஜரில் மடிக்கணினியைக் குத்தினால் மெதுவாக ஏறும், இல்லையேல் ஏறவே ஏறாது. 60 வாட்டுக்கு மேல் போகவேண்டுமானால் வயருக்குள்ளும் ஒரு சில்லு வேண்டும். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய வயரில் அதைத் தேடாதீர்கள், சார்ஜரில் சிரிம் தரச்சான்று ஒட்டுவில்லையை முதலில் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஒரே துளையைக் கைப்பேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதல் சட்டமாக்கியது. மடிக்கணினிகளுக்குக் குறித்த நாள் 2026 ஏப்ரல் 28.

அற்றேல், மலாய் நண்பர் ஒருவர் எந்தச் சார்ஜரைக் காட்டினாலும் “போலே லா” (ஆகும்) என்கிறாரே எனின், அது உலக வழக்கு, இலக்கணம் ஆகாது.

அடுத்த வாரம் கேஎல் செண்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்து மீன்தொட்டியின் மேல் புது விளக்கு ஒன்று எரிந்தது. வயரைத் தொடர்ந்து போனால், முடிவில் என் மோடத்தின் சார்ஜர். போன தடவை வந்தபோது எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். திருப்பிப் பார்த்தேன்: விளக்கும் 12, சார்ஜரும் 12, ஆம்பியரும் போதும், நடுமுனை இரண்டிலும் நேர்மின். அக்கா நன்னூலைத் தொட்டவள் அல்ல.

“ரெண்டுலயும் நம்பர் ஒண்ணா இருந்துச்சுடா, குத்திட்டேன்” என்றாள்.

அந்த விளக்கு இன்னும் எரிகிறது.