அம்பாசிடர் மாதிரி நிறுத்துங்க சார்!

போன வியாழக்கிழமை சாயங்காலம், அண்ணா நகர் ரவுண்டானாவை நெருங்கும்போது சிக்னல் சிவப்பாயிற்று. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. இதில் என் குற்றம் எது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. டிக்கியில் முட்டிய சத்தம் அடங்குவதற்குள் என் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"இன்னா சார், இப்டி டக்குனு நிறுத்துறீங்க?"

"சிக்னல் போட்டுட்டான்."

"அது எனக்கும் தெரியுது. அம்பாசிடர்னா அம்பாசிடர் மாதிரி நிறுத்த வேணாமா?"

கூட்டம் கூடியது. ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவர் இறங்கிவந்து என் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பழைய வண்டி, மெதுவாத்தான் நிக்கும்னு நம்பி வந்திருக்காரு, பாவம்" என்று தீர்ப்புச் சொன்னார். பூ விற்கிற அம்மாவும் ஆமாம் என்றார். ஒடுக்கு விழுந்தது என் டிக்கியில். மன்னிப்புக் கேட்டதும் நான்தான்.

என்னுடையது 1984 மாடல் மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் வண்டி. உத்தரபாரா தொழிற்சாலையிலிருந்து நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கோடு வந்தது. சமீபத்தில் முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் மாட்டினேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் சிலரைத் திட்ட வேண்டியிருக்கிறது.

முதலில், "இந்தக் காலத்துல போய் டிரம்மா?" என்று கேட்பவர்கள். நம் வண்டியின் பானெட் திறந்திருக்கக் கூடாது. வாக்கிங் போகிறவர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர், மாடி வீட்டு மாப்பிள்ளை எல்லாரும் நின்று எட்டிப் பார்த்துவிட்டு இதையே கேட்பார்கள். டிஸ்க் என்னவோ போன தீபாவளிக்கு வந்த சரக்கு என்று நினைப்பு. இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1902-இல். பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக் செய்ததும் அதே 1902-இல்தான். இரண்டுக்கும் ஒரே வயசு. 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் டிஸ்க்கோடு ஓடி ஜெயித்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை மாடியேறிவிடுகிறார்.

டிரம்மிடம் ஒரு தாராளம் உண்டு. சுற்றுகிற டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு இன்னும் இறுக்கும். நம் கால் கொடுத்த பலத்துக்கு மேல் அது கொஞ்சம் போட்டுக்கொடுக்கும். டிஸ்க்கிடம் இந்தப் பேச்சே கிடையாது, கொடுத்ததற்குத்தான் வேலை செய்யும். அதனால்தான் அதற்கு பூஸ்டர் என்று ஒரு கையாள் தேவைப்படுகிறது. ஆனால் டிரம்மின் தாராளம் மலையில் காணாமல் போகும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பாதியிலேயே லைனிங் தீய்கிற வாடை வர ஆரம்பிக்கும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. மழையில் தண்ணீர் உள்ளே புகுந்தாலும் இதே கதி. டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுவதால் சூடு சீக்கிரம் ஆறும், தண்ணீரும் சிதறிப் போய்விடும். இதை நான் மறுக்கவில்லை. மாடி வீட்டு மாப்பிள்ளையிடம் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதுப்பேட்டையில் விசாரித்தபோது மெக்கானிக் பாய், "ஒரு நாள் வேலை சார்" என்றார். கடைசிக் காலத்து அம்பாசிடர்களில் கம்பெனியே முன்னால் டிஸ்க் கொடுத்திருந்தது, அந்த செட்டு கிடைத்தால் போதும் என்றார். கிடைத்தது. போதவில்லை. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர், ஷூ ரொம்பப் பின்னால் போய்விடாமலிருக்க லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்குக்கு அந்த அழுத்தம் ஆகாது, பேடு தேய்த்துக்கொண்டே ஓடும். ஆகவே மாஸ்டர் சிலிண்டரை மாற்றினோம். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் உள்ளதாகப் போடலாம் என்றார் பாய். பழையதில் ஒரே லைன். எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் போச்சு. அது நியாயம், போட்டோம். பிறகு பூஸ்டர். பிறகு பூஸ்டருக்கு இடம். ரிம்மைப் பற்றிப் பேச வேண்டாம்.

பூஸ்டர் இன்ஜின் இழுக்கிற வேக்குவத்தில் வேலை செய்வது. இன்ஜின் நின்றுவிட்டால் ஓரிரு மிதிக்கு மேல் தாங்காது, அப்புறம் பெடல் கல்லாகிவிடும். எங்கள் அப்பா ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டு, மிச்சம் பிடித்த பெட்ரோலை அடிவாரத்தில் காபியாக மாற்றிக் குடித்தவர். டிரம்மை நம்பி அதைச் செய்ததே பெரிய தைரியம். அந்த வித்தை இந்த வண்டியில் இனி செல்லாது.

கடைசியாக, எங்கள் வீட்டு வாசலில், ஏர் எடுக்கிற வேலை. லைனில் ஒரு குமிழி இருந்தாலும் பெடல் மெத்தென்று கீழே போகும் என்பதால் இதற்கு இரண்டு பேர் வேண்டும், கீழே ஒருவர், மேலே ஒருவர். பாயின் உதவிப் பையன் லீவு. பாய் சக்கரத்தடியில் படுத்தார். எனக்கு முழங்கால் வலி என்பதால் என் மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம்.

"மிதிங்கம்மா... மிதிங்க... மிதிங்க... இப்ப புடிச்சுக்குங்க."

பாய் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தார். குழாய் வழியாகப் பிரேக் ஆயில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் வந்தது. நடுநடுவே குமிழிகள். பெடல் தரையைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம்.

"விட்டுறாதீங்கம்மா! விட்டா மறுபடி ஏர் ஏறிக்கும்!"

அவள் விடவில்லை. பால்தான் விட்டுக்கொடுத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது பொங்கினாலும், எது தீய்ந்தாலும் காரணம் டிஸ்க் பிரேக்.

சரி, இவ்வளவு பாடுபட்டது எதற்கு? இடைவெளிக்காக. டிரம் பிரேக்கில் ஓட்டுகிறவன் முன்னால் போகிற வண்டிக்குப் பின்னால் தாராளமாக இடம் விட்டுத்தான் போக வேண்டும். என் அப்பா அப்படித்தான் கற்றுக்கொடுத்தார், நீங்களும் அப்படித்தான் கற்றிருப்பீர்கள். ஆனால் சென்னையில் அந்த இடைவெளி புறம்போக்கு நிலம். யாரும் கேட்பாரில்லை என்று தெரிந்ததும் முதலில் ஒரு ஆக்டிவா வந்து நாலு குச்சி நட்டு ஓலைக் கொட்டகை போடும். பரவாயில்லை, ஏழை, பிழைத்துப் போகட்டும் என்று நான் கொஞ்சம் பின்வாங்கிப் புதிதாக இடம் விடுவேன். கொட்டகைக்கு அண்டையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து சுவர் எழுப்பும். அதன் ஒரு சக்கரம்தான் என் எல்லைக்குள் இருக்கும். மற்ற இரண்டும் பக்கத்து லேனில், வில்லங்கமில்லாமல். ஹார்ன் அடித்தால் டிரைவர் திரும்பிப் பார்க்கிற பார்வையில் மூன்று தலைமுறை அனுபவ பாத்தியதை தெரியும். நான் மறுபடி பின்வாங்குவேன். இப்போது ஒரு டாக்ஸி, ப்ளூபிரிண்ட் எதுவும் காட்டாமல் மாடி எடுக்கும். இடது பக்கம் டெலிவரி பையன் சந்து விடுவான். அந்தச் சந்தில் இன்னொரு டெலிவரி பையன் பெட்டிக்கடை வைப்பான். இதற்குள் அந்த இடத்துக்குக் கரண்ட் கனெக்‌ஷன், தண்ணீர் வரி ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் வந்திருக்கும். தாசில்தாரே வந்தாலும் அவருடைய ஜீப்பும் அங்கேதான் ஓர் ஓரமாக நிற்கும். நான் மனு கொடுக்கிற நிலையில் ஹார்னைத் தொட்டால், பின்னாலிருந்து ஒருவர் எனக்கு ஹார்ன் அடிப்பார். எதற்கு? என் முன்னால் மிச்சமிருக்கிற மூன்றடிக்கு ஏன் இன்னும் யாரும் பட்டா வாங்கவில்லை என்ற வருத்தத்தில். கடைசியில் மாநகரப் பேருந்து வந்து வலது மூக்கை நுழைக்கும். அது அரசாங்கக் கையகப்படுத்தல். நஷ்டஈடு கிடையாது, அப்பீலும் கிடையாது. இப்படி இடம் விட்டு விட்டு, கீழ்ப்பாக்கத்திலிருந்து புறப்பட்ட நான் நியாயப்படி எழும்பூருக்குப் போயிருக்க வேண்டியவன், மெல்ல மெல்ல பின்னால் நகர்ந்து அமைந்தகரைக்கே வந்து சேர்ந்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறேன்.

டிஸ்க் போட்டால் இடைவெளியைக் குறைக்கலாம், வேலியை நெருக்கிக் கட்டலாம் என்பது என் திட்டம். கட்டினேன். என் முன்னால் இப்போது யாரும் நுழைவதில்லை. எல்லாரும் பின்னால் வந்து முட்டுகிறார்கள்.

போதாததற்கு என் கால். டிரம்மில் ஓட்டிய கால் ஒரு மிதியோடு நிற்காது. முதல் மிதி தகவலுக்கு, இரண்டாவது மிதி காரியத்துக்கு என்று பழகியது. டிஸ்க்கிலும் அதே இரண்டு மிதி போடுகிறேன். முதல் மிதியிலேயே வண்டி நின்றுவிடுகிறது. இரண்டாவது மிதியில், முன்னால் பெஞ்சு சீட்டின் ரெக்சினில் உட்கார்ந்திருக்கும் என் மச்சினர் வழுக்கிக்கொண்டு போய் டேஷ்போர்டைக் கும்பிடுகிறார். பெல்ட் போட மாட்டார். அம்பாசிடரில் பெல்ட் போடுவது மரியாதைக் குறைவாம்.

பின்னால் எச்சரிக்கை ஒட்டலாம் என்று ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். ஒரு காலத்தில் வேன், லாரி எல்லாவற்றின் முதுகிலும் "பவர் பிரேக், கீப் டிஸ்டன்ஸ்" என்று பெருமையாக எழுதியிருக்குமே, அது வேண்டும் என்றேன். கடைப்பையன் வெளியே வந்து என் வண்டியைப் பார்த்தான். "இதுலயா சார்? காமெடிக்கு ஒட்டியிருக்கீங்கன்னு நெனச்சுப்பாங்க" என்றான். முனீஸ்வரன் துணை வேண்டுமானால் மஞ்சளில் இருக்கிறதாம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், பிரேக் விஷயத்தில் இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில் இருக்கிறது. அதே பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். கொஞ்சம் தள்ளி அம்பத்தூரில் ரானேயின் பிரேக் லைனிங் தொழிற்சாலை. நாட்டுக்கே பிரேக் செய்து அனுப்பிவிட்டு, உள்ளூர் உபயோகத்துக்கென்று ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு கூட்டத்தைத் திட்டாமல் விட்டேனே, ஒரிஜினல்காரர்கள். பழைய கார் அணிவகுப்பில் என் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "ஏன் சார்?" என்பார்கள். இவர்கள் வண்டிகள் வீட்டிலிருந்து டிரெய்லரில் வரும், டிரெய்லரில் போகும். டிரெய்லரின் பிரேக் ஒரிஜினலா என்று நான் கேட்டதில்லை. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் காப்பாற்றிய வண்டிக்கு விண்டேஜ் என்று 'விஏ' எழுத்துள்ள தனி நம்பர் உண்டு. என் வண்டிக்கு 2034-இல் 50 முடியும். அன்றைக்கு அதிகாரி எந்த மனநிலையில் இருப்பாரோ, யார் கண்டது? எதற்கும் இருக்கட்டும் என்று கழற்றிய டிரம், ஷூ, வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவி, சாக்கில் கட்டி, கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். நூறு சதம் ஒரிஜினல். எக்காரணம் கொண்டும் விற்பதாக இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் விடாமல் போன் செய்கிறார். அவர் வண்டியில் ஏற்கெனவே யாரோ டிஸ்க் மாட்டிவிட்டார்களாம், பழையபடி டிரம்முக்கே மாற வேண்டுமாம். நேற்று அவர் சொன்ன விலை என் டிஸ்க் செலவில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. கொள்கை கொள்கைதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவார். வீல் சிலிண்டருக்குத் தனி விலை.