அஞ்சே அஞ்சு மாத்திரை

பருவுக்கு டாக்சிசைக்ளின் எழுதும் டாக்டர், "வெயில்ல அலையாதீங்க தம்பி" என்கிறார். பள்ளிக்கரணையில்! வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பைக் ஓட்டுகிறவன் நிழலுக்கு எங்கே போவான், சதுப்பு நிலத்துக் கோரைக்குள்ளா? நிறையத் தண்ணீர் குடிக்கணும், உடனே படுக்கக் கூடாது என்றும் சொன்னார். தம்பி ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு மெத்தையில் சாய்கிறான். நெஞ்சு எரிகிறது. அதற்கு ஒரு ஜெலுசில். அது மாத்திரையை உடம்பில் சேரவிடாது என்று யார் கண்டார்கள்?

பலன் தெரியவே வாரக்கணக்காகும். இவனுக்கோ ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். "அண்ணே, அஞ்சே அஞ்சு குடுங்க!" மருந்துக்கடையில் சீட்டு கேட்பாரில்லை. டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று 2016-இல் மத்திய அரசு விளம்பரப்படுத்திய சிவப்புக் கோட்டையும் சேர்த்தே அட்டையை வெட்டுகிறது அண்ணனின் கத்தரிக்கோல்.