சீட்டைப் படிச்சாராம், கால் வலிச்சதாம்!

வாரும் மாப்பிள, இப்படித் திண்ணையில உக்காரும். என்ன, நொண்டிக்கிட்டு வாறீரு? கொழுப்பு மாத்திரையா? ஒரு வாரம் நல்லாத்தான முழுங்கினீரு. எட்டாம் நாள் பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருந்த பக்கவிளைவுச் சீட்டைப் பிரிச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சீராம். ஒன்பதாம் நாள் கால் உளைச்சலாம். உம்ம கல்யாணப் பத்திரிகையக்கூட நீர் இவ்வளவு கருத்தாப் படிக்கலையேய்யா!

டாக்டருக்குப் படிக்கிற நம்ம பேத்தி லீவுக்கு வந்தப்போ ஒரு சங்கதி சொன்னா. லண்டன்ல 60 பேரு. எல்லாரும் உம்ம கட்சிதான், உடம்புக்கு ஒத்துக்கலன்னு இதே வகை மாத்திரைய நிறுத்தினவுக. மாசத்துக்கு ஒண்ணுன்னு வருசத்துக்கு 12 புட்டி குடுத்தாவளாம். நாலுல நெச மாத்திரை, நாலுல வெத்து மாத்திரை, நாலு காலிப் புட்டி. எது நெசம், எது வெத்துன்னு தின்னவுகளுக்குத் தெரியாது. தினமும் உடம்புத் தொந்தரவுக்கு நூத்துக்கு மார்க் போடணும். காலிப் புட்டி மாசத்துல 8 மார்க்கு, நெச மாத்திரைக்கு 16. வெத்துக்கு எவ்வளவுங்கீரு? 15! மருந்தே இல்லாத மாத்திரை எப்படிய்யா கால வலிக்க வைக்கும்? 2020ல வெளிவந்த கணக்கு இது. எடுத்துச் சொன்னதும் பாதிப் பேரு பழையபடி முழுங்க ஆரம்பிச்சிட்டாவ.

மூஞ்சியத் தூக்காதேயும், நானும் அந்தக் கூட்டந்தான். ஊசி போடாத டாக்டர நான் டாக்டராவே மதிச்சதில்ல. அந்தக் காலத்துக் கம்பவுண்டர் ஒருத்தர் ஊசி போட்டா, படி இறங்கும்போதே எனக்குக் காய்ச்சல் விட்டுரும். வயசான பெறகு டீக்கடையில வச்சு மெல்லச் சொல்லுதாரு, “அண்ணாச்சி, உங்களுக்குப் போட்டது முக்காவாசி வெறுந்தண்ணி”ன்னு. ஆனா என்ன கடுப்பு கடுத்திச்சு தெரியுமா! அந்தக் கடுப்புலதான் எனக்கு நம்பிக்கையே.

அமெரிக்காவுல ஹூஸ்டன்ல இதைவிடக் கூத்து. முட்டு தேஞ்ச 180 பேர்ல சிலருக்கு நெச ஆப்பரேசன், சிலருக்குத் தோலக் கீறித் தையல் மட்டும். உள்ள கழுவுத மாதிரி சத்தம் வரணும்னு பக்கத்துல தண்ணியத் தெறிச்சாவளாம்! ரெண்டு வருசம் கழிச்சுப் பாத்தா ரெண்டு கூட்டத்துக்கும் வலி ஒரே அளவு. 2002லயே எழுதி வச்சிட்டாவ.

‘அப்போ மனசே மருந்து, மாத்திரை எதுக்கு’ன்னு கெளம்பிராதேயும். பாஸ்டன்ல ஆஸ்துமாக்காரவுகளுக்கு நெச மருந்தையும் வெத்து மருந்தையும் மாத்தி மாத்தி உறிஞ்சக் குடுத்தாவ. ரெண்டுக்கும் “இப்போ தேவல”ன்னு ஒரே பாட்டு. மிசின்ல ஊதச் சொன்னா, நெச மருந்துக்கு மூச்சு 20 சதம் கூடியிருக்கு, வெத்துக்கு 7தான். வாய் முகதாட்சண்யம் பாக்கும் மாப்பிள, நுரையீரல் பாக்காது. ரத்தக்குழாய்ல படியுத கொழுப்பும் அப்படித்தான். நீர் நம்புதீரா இல்லையான்னு அது விசாரிச்சுக்கிட்டா படியுது?

உம்ம கால்வலி பொய்யின்னு நான் சொல்லல. டாக்டர்ட்ட சொல்லும், ரத்தம் எடுத்துப் பாக்கணுமான்னு கேளும், நீரா நிறுத்தாதேயும். அந்தச் சீட்டையும் தேடாதேயும். காலையில அதை வச்சுத்தான் உம்ம அத்தை அடுப்புப் பத்த வச்சா.