ஃபோர்மேன் அண்ணாச்சி கடல் பார்க்கிறார்

தீபாவளி முடிந்ததும் எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்குப் பூட்டு விழும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கிறவரைக்கும் எங்கள் ஊருக்கு அதுதான் கோடை விடுமுறை. திருச்செந்தூர், குற்றாலம் என்று வேன்கள் கிளம்பும். வேனுக்கு ஒரு ஃபோர்மேன் அண்ணாச்சி கட்டாயம் இருப்பார். லீவு ஆலைக்குத்தான், அண்ணாச்சிக்குக் கிடையாது.

எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சியும் மதினியும் ஒருநாள் தூத்துக்குடி பார்க்கக் கிளம்பினார்கள். கார் என்னுடையது என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். "நிதானமாச் சுத்திப்பாத்துட்டு வருவோம்" என்றவர் காலை நாலரைக்கே வாசலில் நின்றார். காட்டன் சட்டை, காட்டன் வேட்டி. மதினி ஆசையாய் எடுத்து வைத்த நைலக்ஸ் சேலையை, "உரசினாப் பொறி தட்டும்" என்று பீரோவுக்கே திருப்பி அனுப்பியிருந்தார்.

சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் எல்லாம் அவர்கள் தூக்கத்தில் போயின. உப்பளம் வந்ததும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏ புள்ள, ஆலைல பேரியம் குமிச்ச மாதிரியே இருக்கு பாத்தியா?"

"கோர்ட்டு தடை போட்டதை ரோட்டுல வச்சுக் கத்தாதீங்க" என்றார் மதினி.

முதலில் பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். கோயில் 1713-இல் எழுந்தது. உள்ளே இருக்கும் மாதா சொரூபம் அதற்கும் முந்தியது. 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். நான் இதைச் சொன்னதும் மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சிக்கோ வேறு கவலை: "அம்புட்டுத் தூரம் கப்பல்ல ஆடி வந்தும் கீறல் இல்லையே, பேக்கிங் யாரு?" மெழுகுவத்தி ஏற்றும் இடத்தில் சத்தமில்லாமல் தலைகளை எண்ணினார். ஒன்பது. "நம்ம ஆலை ரூம்ல நாலு பேருக்கு மேல நின்னா லைசென்ஸ் போயிரும்" என்று முணுமுணுத்தபடி எங்கள் இரண்டு பேரையும் வெளியே ஓட்டிக்கொண்டு வந்தார். ஆக, மாதாவை நாங்கள் தரிசித்தது வாசலிலிருந்து.

கடற்கரையில் வ.உ.சி. கதை எடுத்தேன். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை இறக்கிப் பார்த்து, இனாமாக ஏற்றிக்கொண்டு, கையில் குடையும் கொடுத்தது என்பார்களே, அந்தக் கதை. அண்ணாச்சி முதல்முறையாகக் கடலை மறந்து என்னைப் பார்த்தார். "அசலுக்குக் கீழ விக்கிறவன் அப்பவே இருந்திருக்கான்" என்றார். பிறகு மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தார். "ஈரக்காத்து. இங்க ஆலை வச்சா மருந்து பூராம் நமுத்துப் போகும்." கடலைப் பற்றி அன்று அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான். மதினி அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நானும் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், முந்தானையில் பிரிந்த நூலை விரல்நுனியில் திரியாக முறுக்கிக்கொண்டிருக்கிறார்!

சாயங்காலம் மக்ரூன் வாங்கப் போனோம். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான் சரக்கு. கூம்பாக, தந்த நிறத்தில், உச்சியில் ஒரு சுழிப்பு. அண்ணாச்சி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தினார். வாயில் போடவில்லை, குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். "புஸ்வாணம் கணக்காவே இருக்கு. ஆனா அடி சமமில்ல, பத்த வச்சாச் சாஞ்சிரும்." கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

சுவரில் தினக்காலண்டர். அடியில் சிவகாசி அச்சகத்தின் பெயர். "நூறு கிலோமீட்டர் வந்தும் நம்ம ஊரைத்தான் பாக்கணுமா?" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார்.

கடைக்காரர் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை நான் அப்படியே வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி விடவில்லை. பிரித்து, காகிதம் சுற்றி, அதன்மேல் பாலிதீன் போட்டு, வாயை முறுக்கி, நூலால் இறுக்கி, மறுபடி ஒரு பாலிதீன் போட்டு, கால்மணி நேரம் கட்டினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது.

என் மக்ரூன் மூன்றாம் நாளே நமுத்துப்போனது. அண்ணாச்சி வீட்டில் பத்தாம் நாள் ஒன்று கொடுத்தார்கள். மொறுமொறுவென்று இருந்தது.