பத்து வீட்டுக் கதவு

கேள்வி: ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் கணக்கு அலுவலராக இருக்கிறேன். முன்னேற நாலு பேர் பழக்கம் வேண்டுமாம். காரியத்துக்காகப் பழகக் கூச்சமாக இருக்கிறதே?

பதில்: பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பாருங்கள். திருப்பாவையின் 30 பாடல்களில், 6 முதல் 15 வரை தோழிகளை எழுப்பவே போய்விடுகின்றன. நந்தகோபன் வீட்டு வாயில்காப்போன் 16-இல்தான் வருகிறான். கண்ணன் அதற்கும் பிறகு. மேலிடத்துக்கு முன்னால் கூட்டாளிகள்! அதுவும் எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி தட்டிவிடவில்லை. ஒருத்தியிடம் கும்பகர்ணனைச் சொல்லிக் கேலி. ‘நானே வந்து எழுப்புவேன்’ என்று வாய்ப்பேச்சு பேசிவிட்டுத் தூங்குகிறவளிடம் உரிமைக் கோபம். ஒவ்வொருத்தியையும் தெரிந்து வைத்திருந்தவள் அவள். யாரையும் விட்டுப் போக மனமில்லாதவள்.

நீங்களும் ஜிஎஸ்டி கெடு நாளில் திணறும் பக்கத்து மில் தோழிக்குக் கைகொடுங்கள். காலியிடம் தெரிந்தால் பொருத்தமானவளிடம் சொல்லுங்கள். முக்கியமாக, சம்பளத்தை ஒளிக்காமல் பேசுங்கள். அடுத்தவள் வாங்குவது தெரியாததால்தான் பலர் குறைத்துக் கேட்டுவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவை வரும்போது நேராகக் கேளுங்கள். ஆண்டாளும் கண்ணனிடம் ‘பறை’ வேண்டும் என்று வாய்விட்டுத்தான் கேட்டாள். கூச்சம் போகவில்லையா? கையோடு கொஞ்சம் பால்கோவா கொண்டுபோங்கள்.